மணிக்கு ஒரு முறை: பென் நெவிஸ் மலையுச்சியில் ஒரு வானிலை நிலையம்

நம் நாட்டில் இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள் பலருக்கு அந்த வெள்ளைப் பெட்டி நினைவிருக்கலாம். திடலின் ஓரத்தில், வேலிக்குள், நான்கு கால்களில் நின்றிருக்கும். அதன் பக்கங்களில் மரச்சட்டங்கள் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே வெப்பமானிகள், பக்கத்தில் ஒரு மழைமானி. எங்கள் பள்ளியில் புவியியல் கழகத்து மாணவர்கள்தாம் முறைவைத்து அதில் அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்றாம் படிவத்தில் எனக்கும் என் தோழிக்கும் ஒரு வாரம் முறை வந்தது. புதன்கிழமை நல்ல மழை. திடல் முழுவதும் சேறு. காலணி நனையுமே என்று நாங்கள் போகவில்லை.

“நேத்து 29 இருந்துச்சு. இன்னிக்கு மழைதானே, 26 போடு,” என்றாள் தோழி. போட்டேன். சிக்குவும் கையெழுத்திட்டார். அதோடு அதை மறந்தும் போனேன்.

பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் ஸ்காட்லாந்தில் உள்ள பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த 26 மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்த நிலையத்தில் 1883 முதல் 1904 வரை மணிக்கு ஒரு முறை, பகலிலும் இரவிலும், ஒருவர் கதவைத் திறந்து வெளியே போய் வெப்பமானியைப் பார்த்து எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சற்றேறக்குறைய 180,000 தடவை. எங்கள் திடலில் இருந்தது சேறு மட்டும்தான். அங்கே இருந்தவை பனியும் புயலும், சில அடி தள்ளி அறுநூறு மீட்டர் ஆழச் செங்குத்துப் பாறையும்.

ஏன் மலையுச்சி?

பென் நெவிஸ் பிரிட்டனிலேயே உயரமான மலை, 1,345 மீட்டர். நம் கினபாலுவோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால், அதன் அடிவாரத்தில் உள்ள ஃபோர்ட் வில்லியம் நகர் கடல்மட்டத்திலேயே இருக்கிறது. உச்சிக்கும் நகருக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரமே. வானிலை அறிஞர்களுக்கு இது வாராது வந்த வாய்ப்பு. விமானம் இல்லாத காலம். கருவிகளைச் சுமந்து சென்று வானொலி வழியாகச் செய்தி அனுப்பும் பலூன்களும் இல்லை. தரைக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கு அப்பால் காற்று என்ன செய்கிறது என்பதை நாள் முழுவதும் தொடர்ந்து அறிய வேண்டுமானால், அங்கே ஒரு மலை இருந்து, அதன் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்தாக வேண்டும்.

மேலே எடுக்கும் அளவு மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் கீழேயும் ஒருவர் அளவெடுத்தால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வழக்கமாக உயரம் கூடக் கூடக் குளிர் கூடும். கேமரன் மலைக்குப் போகும்போது நாம் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்வதும் இதனால்தான். பென் நெவிஸ் உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே. ஃபோர்ட் வில்லியமைவிட எட்டு ஒன்பது பாகை செல்சியஸ் குறைவு. ஆனால், உயர் காற்றழுத்தம் நிலவும் அமைதியான குளிர்கால நாள்களில் இந்தக் கணக்கு தலைகீழாகும். கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட, உச்சியில் வெயில் அடிக்கும். கீழே நகரம் மூடுபனியில் நடுங்கும்போது மேலே இருப்பவர் வெதுவெதுப்பாக நின்று, கடல்போல் பரந்த மேகத்தை மேலிருந்து பார்ப்பார். இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறோம். நகரப் புகை கலையாமல் தங்கிவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

தினமும் மலையேறியவர்

இந்த எண்ணம் முதலில் உதித்தவர்களுள் ஒருவர் தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கங்களைக் கட்டிய பொறியாளர்; ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. நம் பள்ளித் திடலில் நின்ற அந்த வெள்ளைப் பெட்டியை வடிவமைத்தவரும் இவரே. ஸ்டீவன்சன் பெட்டி என்றே அதற்குப் பெயர். வெயிலும் மழையும் வெப்பமானியின் மேல் நேரே படக்கூடாது. காற்று மட்டும் தாராளமாகப் புகுந்து வெளியேற வேண்டும். சாய்வுச் சட்டங்களின் வேலை இதுதான். வெள்ளை வண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது.

நிலையம் கட்டப் பணம் இல்லை. அந்த நேரத்தில் கிளமெண்ட் ராக் என்பவர் முன்வந்தார். 1881 ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அவர் நாள்தோறும் விடியற்காலையில் ஃபோர்ட் வில்லியமிலிருந்து புறப்பட்டு, வழியில் குறித்த இடங்களில் நின்று அளவெடுத்து, ஒன்பது மணிக்கு உச்சியை அடைந்து, அங்கும் அளவெடுத்துவிட்டு இறங்குவார். அப்போது மலைக்குச் சரியான பாதைகூட இல்லை. அதே நேரங்களில் கீழே அவர் மனைவி அளவெடுத்தார். ராக்கைப் பற்றி எழுதும் பலர் அந்த அம்மையாரை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கீழே எடுத்த அளவு இல்லையென்றால் மேலே எடுத்ததற்குப் பாதி மதிப்புதான்.

மறு ஆண்டும் கோடையில் உதவியாளர்களோடு இப்பணி தொடர்ந்தது. ஸ்காட்லாந்து வானிலைக் கழகம் ராக்குக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்த உழைப்பைக் கண்டு பொதுமக்கள் நன்கொடை தந்தார்கள். குதிரைகள் ஏறக்கூடிய பாதை போடப்பட்டது. 1883 அக்டோபர் 17ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது. தலைமைப் பொறுப்புக்கு ராக்கும் விண்ணப்பித்திருந்தார். ஆனால், ராபர்ட் ஒமண்டுக்கே அது கிடைத்தது. ராக் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கே அவர் புயல்களுக்கு ஆட்களின் பெயரைச் சூட்டத் தொடங்கினார். தமக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. இன்று புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தின் முன்னோடி இந்த மனிதர்தான்.

உச்சியில் ஒரு நாள்

நிலையம் என்றால் பெரிய கட்டடம் என்று எண்ணிவிட வேண்டாம். மிகத் தடித்த கற்சுவர்களும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட சின்னஞ்சிறு வீடு. அதன் மேல் ஒரு கோபுரம். இந்தக் கோபுரம் அழகுக்காகக் கட்டியதன்று. குளிர்காலத்தில் பத்தடிக்கு மேல் பனி குவிந்து வாசலை மூடிவிடும். அப்போது கோபுரத்தின் கதவு வழியாகத்தான் வெளியே வர முடியும்.

உள்ளே மூன்று அல்லது நான்கு பேர் தங்கியிருந்தார்கள். கோடையில் குதிரைகள் உணவையும் எரிபொருளையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஏறக்குறைய ஒன்பது மாதத்திற்கான சேமிப்பு அது. பெரும்பாலும் டின்னில் அடைத்த உணவு. குளிர்காலத்தில் கடிதமோ புதிய இறைச்சியோ வேண்டுமென்றால், யாராவது ஒருவர் பனியில் நடந்து ஏறி வர வேண்டும். தந்திக் கம்பி ஒன்று மட்டும் அவர்களை உலகத்தோடு இணைத்திருந்தது. குப்பையை எங்கே கொட்டினார்கள் என்பதற்கு இன்றும் சான்று உண்டு. உச்சிக்கு அருகே ஒரு பாறைப் பிளவுக்கு ‘கார்டிலூ’ என்று பெயர். முற்காலத்தில் எடின்பரோவில் மாடியிலிருந்து கழிவு நீரைத் தெருவில் ஊற்றும்போது கீழே போகிறவர்களை எச்சரிக்க எழுப்பிய குரல் அது. நிலையத்தாரின் நகைச்சுவை அந்தப் பெயரில் தங்கிவிட்டது.

வேலை என்ன? ஒவ்வொரு மணியும் அடிக்கும் நேரத்தில் காற்றழுத்தமானியை உள்ளேயே பார்த்துவிடலாம். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். ஸ்டீவன்சன் பெட்டியில் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் படிக்க வேண்டும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, நீர் ஆவியாவதால் குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து காற்றின் ஈரப்பதம் தெரியவரும். மழைமானியை எடுத்து உள்ளே கொண்டுவந்து, அதற்குப் பதில் வேறொன்றை வைக்க வேண்டும். விழுந்தது பனியாக இருந்தால் உருக்கி அளக்க வேண்டும். மேகம், காற்று, பனியின் ஆழம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். எல்லாம் முடிந்து கையைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த மணி நெருங்கிவிடும்.

பெட்டியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பனி உயர உயர, ஏணி போன்ற ஒரு தாங்கியில் அதையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். இல்லாவிட்டால் அது பனிக்குள் புதைந்துவிடும்.

காற்றை எதிர்த்து வளரும் பனி

அவர்களுக்குப் பெருந்தொல்லை தந்தது பனிப்பொழிவைவிட உறைமூடுபனிதான். நம் ஊரில் இதற்கு ஒப்பாக எதுவும் இல்லையாதலால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

நீர் சுழியப் பாகையில் உறையும் என்று படித்திருக்கிறோம். ஆனால், மேகத்தில் உள்ள மிக நுண்ணிய துளிகள் சுழியத்திற்குப் பல பாகை கீழே போனாலும் நீராகவே மிதக்கக்கூடும். உறையத் தொடங்க அவற்றுக்கு ஏதேனும் ஒரு பிடிமானம் வேண்டும். மலையுச்சியை மேகம் சூழும்போது, காற்றில் அடித்து வரும் அத்தகைய துளி ஒரு கம்பத்தையோ கயிற்றையோ பெட்டியின் சட்டத்தையோ தொட்டவுடன் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் அடுத்த துளி. இப்படியே வெள்ளை இறகுகளைப் போன்ற பனி, காற்று வரும் திசையை நோக்கி வளரும். காற்றுக்கு அஞ்சி மறைவுப் பக்கம் ஒதுங்குவதுதான் உலக வழக்கம். இந்தப் பனி மட்டும் காற்றின் முகத்திலேயே வளர்கிறது.

இதன் விளைவு என்ன? பெட்டியின் சட்ட இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும். காற்று உள்ளே புகாது. வெப்பமானி தவறாகக் காட்டும். உடனே அந்தப் பெட்டியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் உருக்கிவிட்டு, வேறொரு பெட்டியை வைக்க வேண்டும். காற்றுவேகமானியின் கிண்ணங்களும் பனி பிடித்து நின்றுவிடும். ஆகவே குளிர்காலத்தில் காற்றின் வேகத்தை அவர்கள் உடம்பாலேயே மதிப்பிட்டார்கள். சுழியம் முதல் 12 வரை ஓர் அளவுகோல். நிமிர்ந்து நிற்க முடிகிறதா, சாய்ந்துதான் நிற்க வேண்டியிருக்கிறதா, தவழ்ந்தால்தான் முடியுமா என்பதைக் கொண்டு எண் இடுவது. மிகக் கடுமையான காற்றில் இருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு வெளியே போனதும் உண்டு.

நிலையம் திறந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 1884 ஜனவரி 26ஆம் நாள் ஸ்காட்லாந்தைக் கடந்த புயலின்போது ஆக்டர்டையர் என்னும் இடத்தில் காற்றழுத்தம் 925.6 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கியது. பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம் இன்றுவரை அதுதான். அப்படிப்பட்ட வேளைகளில் வெளியே போகவே முடியாத மணிகளும் இருந்தன. ஆனால், 21 ஆண்டுகளில் அவை மிகச் சிலவே.

மழையும் அங்கே கொஞ்சநஞ்சமன்று. ஆண்டுக்குச் சராசரி 4,000 மில்லிமீட்டருக்கு மேல். தினமும் மழை என்று நாம் அலுத்துக்கொள்ளும் கோலாலம்பூரில்கூட அது 2,500 அளவில்தான். ஃபோர்ட் வில்லியமில் ஏறக்குறைய 2,000. சில கிலோமீட்டர் தூரத்திற்குள் மழை இரட்டிப்பாவதற்குக் காரணம், அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதுதான். உச்சியில் வெயில் தெரிந்தது நாளுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரமே.

கோடையில் நிலைமை வேறு. பாதை இருந்ததால் சுற்றுப்பயணிகள் நூற்றுக்கணக்கில் ஏறி வந்தார்கள். உச்சியிலிருந்து தந்தி அனுப்புவது அவர்களுக்கு ஒரு பெருமை. தனிமை தாங்காத நிலையத்தாருக்கு இது விருந்தா தொல்லையா என்று சொல்வது கடினம்.

இரண்டு வாரம் தங்கிய இளைஞர்

நிலையத்தார் விடுப்பில் போவதற்காகக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தற்காலிகமாகச் சிலர் வந்து தங்குவார்கள். 1894 செப்டம்பரில் அப்படி வந்தவர் சி.டி.ஆர். வில்சன். வயது 25. இரண்டு வாரம் இருந்தார்.

ஒரு காலைப்பொழுதில் சூரியன் அவருக்குப் பின்னால். எதிரே பள்ளத்தாக்கில் மேகம். தம் நிழல் அந்த மேகத்தின் மேல் விழுவதையும், நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதையும் அவர் கண்டார். மேகத் துளிகள் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் வருவது இது. விமானத்தில் போகும்போது கீழே மேகத்தில் விழும் விமான நிழலைச் சுற்றி நாமும் இதைக் காணலாம். வில்சனுக்கு அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. கேம்பிரிட்ஜ் திரும்பியதும் ஆய்வுக்கூடத்திலேயே மேகம் உண்டாக்க முயன்றார்.

ஈரக்காற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, சட்டென்று விரியச் செய்தால் அது குளிரும், நீராவி துளிகளாகும். துளி உருவாகத் தூசு வேண்டும் என்றுதான் அதுவரை நம்பினார்கள். தூசியே இல்லாத காற்றிலும், போதுமான அளவுக்கு விரிந்தால், துளி உருவாவதை வில்சன் கண்டார். மின்னேற்றம் பெற்ற அயனிகளே அங்கே பிடிமானமாக இருந்தன. அப்படியானால், மின்னேற்றத் துகள் ஒன்று கலத்தைக் கடந்து போனால், அதன் வழி நெடுகத் துளிகள் வரிசையாக உருவாக வேண்டுமல்லவா? 1911இல் அதையும் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத துகளின் பாதை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. முகிற்கலம் எனப்படும் இந்தக் கருவிக்காக 1927இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கும் ஆர்தர் காம்ப்டனுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. 1932இல் பாசிட்ரான் துகள் கண்டுபிடிக்கப்பட்டதும் முகிற்கலத்தில்தான்.

மலையுச்சி நிலையத்தைக் கட்டியவர்கள் இதை எதிர்பார்க்கவே இல்லை. அவர்கள் எதிர்பார்த்தது வானிலை முன்னறிவிப்பு மேம்படும் என்பதை. உண்மையில் அது அவ்வளவாக நிறைவேறவில்லை.

மூடலும் மீட்பும்

தொடக்க ஆண்டுகளில் அடிவாரத்து அளவுகளை ஃபோர்ட் வில்லியம் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாளுக்குச் சில முறை எடுத்து வந்தார். 1890இல் அங்கேயும் மணிக்கொரு முறை அளவெடுக்கும் நிலையம் அமைந்தது. அதனால் பயன் கூடியது, செலவும் கூடியது. அரசு ஆண்டுக்கு 350 பவுண்டு மானியம் அளித்தது. அது போதவில்லை; கூட்டிக் கேட்டபோது கிடைக்கவில்லை. 1904ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டு நிலையங்களும் மூடப்பட்டன.

எடுத்த அளவுகள் எல்லாம் எடின்பரோ அரச கழகத்தின் தொகுதிகளில் அட்டவணைகளாக அச்சாகின. பக்கம் பக்கமாக எண்கள். நூலகங்களில் அவை நூறு ஆண்டுக்கு மேல் உறங்கின. இன்றைய வானிலை ஆய்வுக்குக் கணினி வேண்டும். அச்சிட்ட எண்ணைக் கணினி நேரடியாகப் பயன்படுத்த முடியாது. 2017இல் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் தலைமையில் ஒரு முயற்சி தொடங்கியது. பக்கங்களின் படங்களை இணையத்தில் இட்டு, விரும்பியவர்கள் எண்களைத் தட்டச்சு செய்யலாம் என்று அழைத்தார்கள். 3,500க்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். மூன்று மாதத்திற்குள் 15 லட்சத்துக்கும் அதிகமான அளவுகள் மீட்கப்பட்டன. பின்னர் இதே முறையில் பிற நிலையங்களின் பழைய பதிவுகளையும் மீட்டார்கள். அவற்றைக் கொண்டு 1903 பிப்ரவரியில் அயர்லாந்தையும் பிரிட்டனையும் தாக்கிய புயல் ஒன்றைக் கணினியில் மீண்டும் உருவாக்கியபோது, சில இடங்களில் அதன் காற்று கடந்த நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்திலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று என்று தெரியவந்தது. அத்தகைய புயல் இன்று வந்தால் எவ்வளவு சேதம் ஆகும் என்று மதிப்பிட இது உதவுகிறது.

இந்த வேலையில் ஒரு முக்கியமான படி, தவறான எண்களைக் கண்டறிவது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், முந்தைய மணியின் எண், அடுத்த மணியின் எண்; இவற்றோடு ஒட்டாமல் ஒன்று தனியே நின்றால் அதன் மேல் ஐயம் எழும். நான் போட்ட அந்த 26 இந்தச் சோதனையில் அகப்பட்டிருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம். மழை நாளுக்கு ஏற்ற எண்தான் அது. பார்த்தால் உண்மைபோலவே இருக்கும்.

பென் நெவிஸ் உச்சியில் இப்போது நிலையத்தின் இடிந்த சுவர்களும் கோபுரத்தின் எச்சமும் நிற்கின்றன. அந்த எச்சத்தின் மேலே, புயலில் அகப்படும் மலையேறிகள் ஒதுங்குவதற்கென்று ஓர் சிறு தங்கிடம் அமைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். பெரும்பாலோர் போகும் வழி, 1883இல் குதிரைகளுக்காகப் போட்ட அதே பாதைதான்.